நள்ளிரவில் விறைக்கும் கை

நடுச்சாமத்திலே உறக்கங் கலைந்து, படுக்கையில் எழுந்திருந்து கையை உதறிக்கொள்ளும் பெண்கள் நம்முடைய வீடுகளிற் பலர் உளர். பெருவிரல் தொடக்கம் நடுவிரல் வரை எறும்பு ஊர்வது போலவும் ஊசி குத்துவது போலவும் இருக்கும். சில வேளை அந்தக் கை தமதன்று என்று எண்ணும்படி விறைத்துக் கிடக்கும். கட்டிலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு நாலைந்து முறை உதறியபின் உணர்ச்சி மெல்லத் திரும்பும், மறுபடியும் உறங்கிவிடுவார்கள். காலையில் இதனை வீட்டாரிடஞ் சொன்னால், "கையை மடித்து அதன்மேல் படுத்திருப்பாய்" என்பார் ஒருவர்; "வாதம், எண்ணெய் பூசு" என்பார் இன்னொருவர்; "கண்டிக் குளிர் அப்படித்தான்" என்று பேச்சை முடித்துவிடுவார் மூன்றாமவர்.

கண்டி நகரிலும், அதனைச் சூழ்ந்த ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை மலைகளிலும் இந்த மூன்று விடைகளையும் நாம் கேட்டிருக்கிறோம். அவற்றை முற்றாகப் பொய்யென்று தள்ளுவதற்கில்லை. ஆனால் அந்த உதறலுக்கு மருத்துவ நூலிலே தனியிடம் உண்டென்பதையும், "இரவில் எழுந்து கையை உதறுகிறேன்" என்று கேட்ட அளவிலே தேர்ந்த வைத்தியர் நோயின் பெயரைப் பாதி ஊகித்துவிடுவார் என்பதையும் அறிந்தோர் சிலரே. தொடக்கத்திலே ஒரு சிறு மட்டையாலும் துணிக்கட்டாலும் தணியக்கூடிய இவ்வுபாதை, ஆண்டுகள் கடந்தால் ஒரு குடும்பத்தின் உழைக்குங் கையையே கொண்டுபோய்விடும். ஆதலால் இதனைப்பற்றியும், இதனோடு வைத்து மயங்கத்தக்க வேறு சில கைநோவுகளைப்பற்றியும் இங்கு எழுத விரும்பினோம்.

ஒடுங்கிய சுரங்கம்

வாசகர்கள் தம் உள்ளங்கையை மேனோக்கி வைத்து மணிக்கட்டைச் சற்றுப் பார்ப்பாராக. உள்ளங்கை தொடங்கும் அவ்விடத்தில் எட்டுச் சிறிய என்புகள் இரண்டு வரிசையாக நின்று ஒரு தோணிபோலக் குழிந்திருக்கின்றன. அத்தோணிக்குக் கூரையிட்டாற்போல, வலிய இழைகளாலான பட்டியொன்று குறுக்கே இழுத்துக் கட்டப்பட்டுள்ளது. கீழே என்பு, மேலே பட்டி. இடையில் ஒரு சுரங்கம். விரல்களை மடக்குகின்ற தசைநாண்கள் ஒன்பது இச்சுரங்கத்தினூடாகச் செல்கின்றன. தசைநாண் என்பது தசையை என்போடு பிணைக்குங் கயிறு. அந்த ஒன்பது கயிறுகளோடு கூட நரம்பு ஒன்றும் போகின்றது. கையின் நடுவே ஓடுதலால் அதற்கு நடுநரம்பு என்று பெயர்.

கயிறு ஓயாது இழுபட்டால் அதனைச் சூழ்ந்த மெல்லிய உறை தடிக்கும். சுரங்கத்திலோ ஒரு நூலளவு இடமும் மிச்சமில்லை. என்பு விலகிக் கொடாது. பட்டியும் நெகிழ்ந்து கொடாது. இத்தகைய நெருக்கத்தில் நசுங்குவது அங்குள்ளவற்றுள் மிக மென்மையானதாகிய நரம்பே. நரம்புக்கும் உணவு வேண்டும். அதற்குள்ளே நுண்ணிய இரத்தக் குழாய்கள் உண்டு. அழுத்தத்தினால் அவற்றில் ஓட்டம் குறையும்போது நரம்பு எழுப்பும் கூக்குரலே எறும்பூர்வது போன்ற அவ்வுணர்ச்சி.

அது பகலைவிட இரவில் மிகுவதேன்? உறங்கும்போது நாம் அறியாமலே மணிக்கட்டை மடித்துக்கொள்கிறோம். மடிந்த மணிக்கட்டில் சுரங்கத்தின் அழுத்தம் பன்மடங்காகும். அன்றியும், பகல் முழுதும் நின்று வேலை செய்தவர் படுத்தபின், கால்களிற் தேங்கியிருந்த நீர் உடலெங்கும் பரவுகின்றது. அதனாலும் கையின் இழையங்கள் சிறிது வீங்கும். எழுந்து கையை உதறும்போது மணிக்கட்டு நேராகிறது, இரத்தம் ஓடுகிறது, நரம்பு அடங்குகிறது. மருத்துவம் ஒன்றுங் கல்லாத பாட்டி உறக்கத்தில் தானாகச் செய்யும் அவ்வுதறல் சரியான சிகிச்சையே என்பதை எண்ணும்போது எமக்கு வியப்பாகவே இருக்கிறது.

சிறுவிரலின் சாட்சி

கையில் விறைப்பு என்று சொல்வோரிடம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த விரல்?" என்பதே. பெரும்பாலானோர் "கை முழுவதும்" என்றே சொல்வர். அன்றிரவு விறைக்கும்போது விளக்கை ஏற்றி ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னால் உண்மை வெளிப்படும். நடுநரம்பு உணர்ச்சி கொடுப்பது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலிற் பாதி ஆகியவற்றுக்கு மாத்திரமே. சிறுவிரல் அதன் ஆட்சிக்கு உட்பட்டதன்று. ஆகவே மற்றவை விறைத்திருக்கச் சிறுவிரல் மட்டும் தெளிவாயிருக்குமாயின், குற்றம் மணிக்கட்டிலே என்று ஏறக்குறையத் துணியலாம்.

வீட்டிலே செய்து பார்க்கக்கூடிய சோதனையும் ஒன்றுண்டு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிற் பணிபுரிந்த ஜோர்ஜ் பேலன் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர் 1950ஆம் ஆண்டு தொடக்கம் இந்நோயைப்பற்றி எழுதிப் பரப்பியவர். அவர் பெயரால் வழங்கும் இச்சோதனை கும்பிடுவதற்கு நேர்மாறானது. உள்ளங்கைகளுக்குப் பதிலாகப் புறங்கைகள் ஒன்றையொன்று தொட, விரல்கள் நிலத்தை நோக்கத் தொங்க, மணிக்கட்டுகளை மடித்து ஒரு நிமிடம் வைத்திருத்தல் வேண்டும். அந்த நிமிடத்துக்குள் முற்கூறிய விரல்கள் விறைக்கத் தொடங்கினால் ஐயம் வலுப்பெறும். ஆயினும் இது சான்றுகளுள் ஒன்றே. இதனை மாத்திரம் கொண்டு தீர்ப்புச் சொல்வதற்கில்லை.

சிறுவிரலும் மோதிரவிரலின் மற்றப் பாதியும் விறைத்தால் கதை வேறு. அவ்விரல்களுக்குரிய நரம்பு முழங்கையின் உட்புறத்திலே, என்பு முனைக்குப் பின்னுள்ள பள்ளத்தில், தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. கதவு நிலையில் முழங்கை இடிபட்டதும் சிறுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் "சுரீர்" என்கிறதே, அது இந்த நரம்பு இடிபடுவதால் வருவது. முழங்கையை மடிக்குந்தோறும் இந்நரம்பு இழுபடும். மேசையில் முழங்கையை ஊன்றினால் நசுங்கும். கலாசாலையிற் கற்பிக்கும் எமக்கு மாணவர் இருக்கும் விதம் நன்கு தெரியும். பின்வரிசையில் இருவிரண்டு பேராக முழங்கையை ஊன்றிக் கன்னத்தைத் தாங்கியிருப்பது பாடத்தின்பாற் கொண்ட சலிப்புக்கு மாத்திரம் அடையாளமன்று; சிறுவிரல் விறைப்புக்கும் வழி. இந்நாளிலே கைத்தொலைபேசியைக் காதோடு அணைத்து மணிக்கணக்காகப் பேசுவோரும், அதனை நெஞ்சின்மேற் பிடித்தவாறு படுத்திருப்போரும் அதே வழியிற் போகின்றனர்.

மூன்றாவது நரம்பு மேற்கையின் பின்புறமாகச் சுற்றி வருவது. நாற்காலியின் முதுகிற் கையைத் தொங்கவிட்டுக் குடிமயக்கத்தில் உறங்கிப்போனவர் விடியலில் மணிக்கட்டை நிமிர்த்த முடியாமல் திகைப்பது இதனால். பெரும்பாலும் சில வாரங்களிற் தானே குணமாகும்.

நம் நாட்டுக்கு இன்றியமையாத எச்சரிக்கை ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். விறைத்த இடத்தில் தோல் வெளிறிய படை இருந்தாலும், முழங்கை நரம்பு கயிறுபோலத் தடித்துத் தென்பட்டாலும், சூடு தெரியாமல் விரல் சுட்டுக்கொண்டாலும், தொழுநோய் உண்டோ என்று சோதிப்பித்தல் வேண்டும். அந்நோய் இலங்கையை விட்டு முற்றாக அகலவில்லை. அதற்குரிய மருந்து இலவசமாகக் கிடைக்கின்றது, முற்றாகக் குணமாக்குகின்றது. வெட்கத்தினால் மறைப்பவர்களே விரலை இழக்கிறார்கள். இன்னும் ஒன்று: கை திடீரென்று விறைத்து, அதனோடு வாய் கோணுதலோ பேச்சுக் குழறுதலோ காணப்பட்டால் அது பாரிசவாதம், இடக்கை நோவோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் கண்டால் அது இருதயம். இவ்விரண்டிலும் எண்ணெய் தேடாமல் உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

விறைப்பில்லாத நோவுகள்

நரம்புக்குத் தொடர்பில்லாமல், ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்திலே மாத்திரம் நோகின்ற கைகளும் உண்டு. முழங்கையின் வெளிப்புற என்பு முனையிலே தொட்டால் துள்ளும்படி நோகும். தண்ணீர் வாளியைத் தூக்க முடியாது. நனைந்த துணியைப் பிழிய முடியாது. இதற்கு "டெனிஸ் முழங்கை" என்று பெயரிட்டிருக்கிறார்கள். இங்கிலாந்திலே புல்தரை டெனிஸ் பரவிய 1880களில் வைத்த பெயர் அது. இப்பெயர் தாங்கியோருள் மிகப் பலர் டெனிஸ் மட்டையைத் தொட்டும் அறியாதவர். திருவலையில் தேங்காய் துருவுவோர், சட்டி துலக்குவோர், கவ்வாத்துக் கத்தி பிடிப்போர், சாந்து குழைப்போர் ஆகிய இவர்களே கூடுதலாக இதன் வாய்ப்படுவோர். கவ்வாத்து முழங்கை என்றோ துருவல் முழங்கை என்றோ நாம் அழைத்தாலும் தகும்.

பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் பக்கத்தே வரும் நோவு இன்னொன்று. சுவிற்சர்லாந்து நாட்டு வைத்தியர் டீ கேர்வேன் என்பார் 1895ஆம் ஆண்டு இதனை விளக்கினார். பெருவிரலைத் தூக்கும் இரு தசைநாண்கள் ஓடும் குழல் தடித்துப் போவதே இதன் காரணம். பிள்ளை பெற்ற தாய்மாரிடையே இதனை மிகுதியுங் காணலாம். குழந்தையின் இரு கக்கத்திலும் கைகொடுத்து, பெருவிரல்களை விரித்துத் தூக்கும் அந்தத் தூக்கே நோவை வளர்ப்பது. ஒரு கை குழந்தையின் இடுப்பின்கீழும் மற்றது முதுகிலுமாக ஏந்தித் தூக்கினால் பெருவிரலுக்கு ஆறுதல் கிடைக்கும். பாட்டிமார் இளந்தாய்க்கு வேலை கொடாமல் குழந்தையைத் தாமே வாங்கிக்கொண்ட பழைய வழக்கத்தில் இந்த நன்மையும் இருந்தது போலும்.

மடக்கிய விரல் நிமிராமல் "டக்" என்று பூட்டிக்கொள்வதும், தோட்பட்டையிலே நெல்லிக்காய் போன்ற முடிச்சு உருண்டு நோவதும் இவ்வினத்தனவே. இவற்றுக்கு ஓய்வும், வெந்நீர் ஒத்தடமும், தசையை மெல்ல நீட்டும் பயிற்சியும் பெரும்பாலும் போதும். டெனிஸ் முழங்கைக்கு ஊசி மருந்து ஏற்றிக்கொண்டால் சில வாரம் அற்புதமாக இருக்கும். ஆயினும் ஓராண்டு கழித்துப் பார்த்தால், ஊசி ஏற்றாமற் பொறுத்திருந்தவர்களே அதிகம் நலமாயிருக்கின்றனர் என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அவசரத்துக்கு மருந்து வாங்குவோர் இதனைக் கருத்திற் கொள்ளல் நன்று.

"உன் தொழில் என்ன?"

இத்தாலி நாட்டில் மொடேனாவிலும் பின்னர் பதுவாவிலும் மருத்துவப் பேராசிரியராயிருந்த பேர்ணாடினோ ரமஸ்ஸினி என்பவர், தொழிலாளருக்கு வரும் நோய்களைப்பற்றி 1700ஆம் ஆண்டிலே ஒரு நூல் வெளியிட்டார். பண்டைய கிரேக்க வைத்தியர்கள் நோயாளியிடம் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, "உன் தொழில் என்ன?" என்னும் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுமாறு அவர் வேண்டினார். கணக்கெழுதுவோரின் கை ஏன் தளர்கிறது என்று ஆராய்ந்து, ஓயாத இருக்கையும், கை ஒரே திசையில் இடையறாது அசைவதும், பிழை வருமோ என்னும் மனக்கவலையும் காரணமென்று எழுதினார். விடைத்தாள் திருத்தும் காலத்தில் மூன்று காரணங்களும் ஒருங்கே எமக்கு வாய்ப்பதால் ரமஸ்ஸினியின்பால் எமக்குத் தனி மதிப்புண்டு.

மணிக்கட்டு நோய் தன் பெயரைப் பெற நெடுங்காலஞ் சென்றது. 1880ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரத்து வைத்தியர் புற்னம், இரவில் கை விறைத்து எழும் 37 நோயாளரைப்பற்றி எழுதினார்; ஆனால் குற்றம் எவ்விடத்தில் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1913இல் பாரிஸ் நகரிலே மரீ, புவா என்னும் இருவர், பெருவிரற் தசைகள் முற்றாக வற்றிப்போயிருந்த எண்பது வயதுக் கிழவர் ஒருவரின் கையை அவர் இறந்தபின் அறுத்துப் பார்த்தனர். நரம்பு, பட்டிக்கு மேலே முடிச்சுப்போல வீங்கியும் பட்டியின் கீழே மெலிந்தும் இருந்தது. காலத்தே கண்டு பட்டியை வெட்டியிருந்தால் கை வற்றியிராது என்று அவர்கள் எழுதி வைத்தார்கள். அந்தக் கிழவருக்கு அது பயன்படவில்லை, பின்வந்தோருக்குப் பயன்பட்டது.

கிள்ளும் கை

ரமஸ்ஸினியின் கேள்வியைக் கண்டி மலைகளிற் கேட்டால் விடை ஒன்றே மிகுதியும் வரும். கண்டியிலிருந்து கலஹா வழியாகச் சென்றால் அடையும் லூல்கந்துரத் தோட்டத்திலே ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் டெயிலர் 1867ஆம் ஆண்டு 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். இலங்கையில் வாணிகத்துக்காகத் தேயிலை பயிரான முதல் நிலம் அது. அப்போது ஆலை ஏது? அவர் குடியிருந்த பங்களாவின் வராந்தாவில் மேசைகளை இட்டு, வாடிய கொழுந்தை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை கைகளால் அழுத்தி உருட்டியே தேயிலை செய்தார்கள். நமது நாட்டின் முதற் தேயிலையை உருட்டியது மனிதரின் முன்கைதான். 1872இல் டெயிலர் உருட்டும் பொறியொன்றை அமைத்தார். அதன்பின் ஆலைகளிலே பொறிகள் பெருகின; உருட்டும் கை விடுதலை பெற்றது.

பறிக்கும் கை விடுதலை பெறவில்லை. இங்குமங்கும் கத்தரி கொண்டு கொழுந்து வெட்டுதல் வழக்கில் வந்திருப்பினும், இரண்டு இலையும் ஒரு குருத்தும் வேண்டுமென்றால் விரல்களே கிள்ளவேண்டியுள்ளது. கிள்ளுதல் என்பது பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் கூடிச் செய்யுந் தொழில். மூன்றும் நடுநரம்பின் ஆட்சிக்குட்பட்டவை. பனி படர்ந்த விடியலில் ஈரச் செடிகளிடையே இரு கைகளும் முன்னும் பின்னுமாகப் பாய்கின்றன. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னே கூடையில் எறிகின்றன. கூடையின் கயிறோ தலையில் மாட்டியிருக்கிறது. கொழுந்து நிறைய நிறைய அப்பாரம் கழுத்தை இழுக்கும். ஆகவே தோட்டத்துப் பெண்ணின் கை விறைக்கும்போது, மணிக்கட்டோடு கழுத்தையும் சோதித்துப் பார்த்தல் வேண்டும். கழுத்தென்புகளிடையே நரம்பின் வேர் நசுங்கினாலும் விரல் விறைக்கும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பல தோட்டங்களில் ஒரு நாட் சம்பளத்துக்கு ஏறக்குறைய 18 கிலோ கொழுந்து கேட்பது வழக்கம். ஒரு கொழுந்து ஒரு கிராம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 18 கிலோவுக்கு 18,000 கொழுந்து. ஒரு கிள்ளலில் மூன்று கொழுந்து வருமென்று கொண்டால் 6,000 கிள்ளல். இரு கைக்கும் பகிர்ந்தால் கைக்கு 3,000. ஒரே நாளில்! இது நாமே போட்ட மதிப்பீடுதான். மழை, வெயில், மலையின் தன்மை என்பவற்றால் கூடிக் குறையும். 2021ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபின், பறிக்கவேண்டிய நிறையைத் தோட்டங்கள் உயர்த்திவிட்டன என்று தொழிற்சங்கங்கள் முறையிட்டதையும் வாசகர்கள் நினைவிற் கொள்ளலாம்.

நிறை குறைந்தால் "அரைப் பேர்". நாட்கூலியிற் பாதி என்பதே அச்சொல்லின் பொருள். கை விறைக்கிறது என்று கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொன்னால் மெதுவாகப் பறிப்பவள் என்ற பெயர் வரும். ஒரு நாள் வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேரே இல்லை. ஆகவே அவள் சொல்வதில்லை. இரவில் உதறிவிட்டுக் காலையில் மலைக்குப் போகிறாள். முதலில் இரவில் மாத்திரம் வந்த விறைப்பு, பின்னர் பகலிலும் வரும். ரவிக்கைக் கொக்கி மாட்டுகையில் விரல் தடுமாறும். தேநீர்க் கோப்பை கைநழுவும். இறுதியில் பெருவிரலின் அடியிலுள்ள மேடு தட்டையாகிக் குழிவிழும். அங்குள்ள தசையை இயக்கும் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்பதே அக்குழியின் பொருள். விசித்திரம் யாதெனில், அக்கட்டத்தில் நோவு குறைந்துவிடும். நோயாளி "இப்போது பரவாயில்லை" என்பாள். நரம்புக்கு நோவதற்கும் வலுவில்லை என்பதை அவள் எங்ஙனம் அறிவாள்? கிள்ளும் வலி போகும்போது கிள்ளும் வலிமையும் போகிறது.

நரம்பு மீண்டும் வளரக்கூடியது. ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்குச் செல்ல அரையாண்டு வேண்டும். முழங்கையிலிருந்து சிறுவிரலுக்கு ஓராண்டுக்கு மேல் வேண்டும். நரம்பின் தொடர்பின்றி நெடுநாட் கிடந்த தசையோ நார்போலாகிவிடும். நரம்பு வந்து சேர்ந்தாலும் அது எழுந்திராது. "பார்த்துக்கொள்ளலாம்" என்று கடத்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் விலையுண்டு.

தொழில் மட்டுந்தானா?

இங்கே நடுநிலை தவறாமற் சொல்லவேண்டும். கை நரம்பு நசுங்குவதெல்லாம் தொழிலால் என்று சொன்னால் அது மிகை. மணிக்கட்டு நோயை உலகறியச் செய்த பேலன் கூட, தொழிலுக்கு அதிற் பெரும் பங்கில்லை என்றே கருதினார். ஆண்களிலும் பெண்களுக்கு இது மிகுதி. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டோருக்கு மிகுதி. கருவுற்ற தாய்மாருக்கு இறுதி மாதங்களில் வந்து, மகப்பேற்றின்பின் தானே மறைவதுண்டு. நீரிழிவு, தைரொயிட்டுச் சுரப்பி மந்தமாதல், மூட்டுவாதம், உடற்பருமன் ஆகியனவும் காரணமாகும். இரு கையும் விறைப்பவர் இரத்தத்திற் சீனியையும் தைரொயிட்டையும் சோதிப்பித்தல் தகும். தட்டச்சுப் பலகையும் கணினியும் இந்நோயை உண்டாக்கும் என்று பொதுவாக நம்புகின்றனர். அதற்குச் சான்று வலுவானதன்று. இதற்கு மாறாக, வலுக்கொடுத்துப் பிடித்தலும் அதனையே திரும்பத் திரும்பச் செய்தலும், மணிக்கட்டு மடிந்திருத்தலும், அதிரும் கருவிகளைப் பிடித்தலும் கேடு செய்யும் என்பது இப்போது நன்கு ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. சர்வதேசத் தொழிலாளர் தாபனம் 2010ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டுச் சுரங்க நோயும், பெருவிரலடி நோவும், முழங்கை நோவும் இடம்பெற்றிருக்கின்றன. எழுதுவினைஞரின் கதிரையைப்பற்றிக் கவலைப்படும் அளவுக்குக் கொழுந்து பறிப்பவளின் மணிக்கட்டைப்பற்றி நாம் கவலைப்படுவதில்லை என்பது எமது கருத்து.

சிகிச்சை

முதற் சிகிச்சை மிக எளிது. இரவில் மணிக்கட்டு மடியாதவாறு நேராக வைத்திருக்கும் அணையொன்றைக் கட்டிக்கொண்டு உறங்குவதே அது. கடைகளில் விற்கும் அணை இல்லாவிட்டால், முன்கைக்கு அளவான மெல்லிய மட்டையைத் துணியாற் சுற்றி, உள்ளங்கைப் பக்கமாக வைத்து, இறுக்காமற் கட்டிக்கொள்ளலாம். விரல்கள் தாராளமாக மடங்கவேண்டும். ஆறு வாரம் விடாது செய்தல் வேண்டும். இரண்டு நாள் கட்டிப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்பதில் நீதியில்லை. சிறுவிரல் விறைப்போர்க்கு மருந்து முழங்கையிலே. ஒரு துவாயை முழங்கையைச் சுற்றிக் கட்டினால் உறக்கத்தில் அது முற்றாக மடியாது.

நாட்டு வைத்தியத்தை நாம் இகழ்வாரல்லேம். கண்டிப் பகுதியிலே முறிவு நெரிவுக்கு எண்ணெயிட்டுப் பத்துக் கட்டுவோர் பரம்பரையாக உளர். எண்ணெயும் சூடும் இறுகிய தசைக்கு இதந்தரும். மணிக்கட்டை நேராக வைக்குங் கட்டும் நற்கட்டே. ஆனால் சுரங்கத்திலே நெருக்குண்டு கிடக்கும் நரம்பின்மேல் அழுத்தித் தேய்ப்பதும், விரல் நீலம் பாரிக்க இறுக்கிக் கட்டுவதும், விறைத்த கையைக் கொதிநீரில் வைப்பதும் தீங்கு. சூடறியாத கை வெந்துபோகும்.

அணையாற் குணம் பெறாதவர்களுக்குச் சுரங்கத்துள் ஊசி மருந்து ஏற்றுவர். பலருக்குச் சில மாதம் ஆறுதல் கிடைக்கும். நீரிழிவுள்ளோருக்குச் சில நாள் சீனி ஏறக்கூடுமாதலால் முன்னரே சொல்லிவிடல் வேண்டும். விறைப்பு ஓயாதிருந்தாலோ, பெருவிரல் மேடு வற்றத் தொடங்கினாலோ காத்திராமற் சத்திரசிகிச்சை செய்விப்பதே அறிவு. நரம்பிலே மின்னோட்டம் எவ்வளவு விரைவிற் செல்கிறது என்று அளந்து பார்த்து நோயை உறுதிசெய்துகொள்வர். பின்னர், கையை மாத்திரம் மரக்கச் செய்து, அந்தக் குறுக்குப் பட்டியை வெட்டி விடுவார்கள். சில நிமிட வேலை. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பட்டியை வெட்டினால் கை கழன்றுவிடும் என்று அஞ்சுவோரைக் கண்டிருக்கிறோம். வெட்டிய இடம் அகலமாகவே ஆறிச் சேர்ந்துகொள்ளும், சுரங்கம் விசாலமாகும்.

கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனைப் போதனா வைத்தியசாலையிலும் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆனால் வெளிநோயாளர் வரிசையில் ஒருவருக்குக் கிடைக்கும் நேரமோ சிறிது. "கை நோகுது ஐயா" என்று மாத்திரம் சொன்னால் வலிக் குளிகையோடு திரும்ப நேரலாம். எந்தெந்த விரல் விறைக்கிறது, சிறுவிரல் எப்படி, இரவில் எத்தனை முறை எழுகிறேன், எத்தனை மாதமாக, பிடி நழுவுகிறதா, சீனி உண்டா, என்ன தொழில் ஆகிய இவற்றை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போதல் பெரிதும் உதவும். எழுத வராத தாய்க்கு வீட்டிற் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். வைத்தியர் கேளாவிட்டாலும் தொழிலைச் சொல்லிவிடல் வேண்டும்.

சத்திரசிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே இரவு விறைப்பு அநேகருக்கு நின்றுவிடுகிறது. தையல் ஏறக்குறைய இரு வாரத்திற் பிரிக்கப்படும். விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டிக்கொண்டிருக்கலாம். சோறு பிசைவதற்கும் தலை வாருவதற்கும் தடையில்லை. உள்ளங்கையின் அடியில் நோவு சில மாதம் நிற்கக்கூடும். முழுப் பிடிப்பலம் திரும்ப இரண்டு மூன்று மாதம் செல்லும். கொழுந்து பறிப்பதற்கும் கவ்வாத்துக் கத்தி பிடிப்பதற்கும் எத்தனை வாரம் கழித்துப் போகலாம், அதுவரை இலேசான வேலை எது என்பதை வைத்தியரிடமே கேட்டு, அதனைக் கடிதமாக எழுதி வாங்கிக்கொண்டு தோட்டத்து அலுவலகத்தில் ஒப்படைத்து, பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.